வெள்ளிக்குப் போட்ட சிவப்புப் பொட்டு

முடிக்குச் சாயம் வாங்கக் கடைக்குப் போய், "எங்க அம்மாவுக்கு" என்று சொல்லி வாங்குகிற வயசுக்கு நாம் வந்துவிட்டோம். ஆகவே சின்ன வயசுக் கதை சொல்ல நமக்கு உரிமை இருக்குது. விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் வளர்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், முழங்காலை ஒரு தடவை தடவிப் பாருங்கள். வெள்ளையாக ஒரு தழும்பு இருக்கும். மற்ற ஊர்ப் பிள்ளைகள் விழுந்தால் மண்ணில் விழுவார்கள். நாம் பீங்கான் சில்லில் விழுந்தவர்கள்.

எங்கள் வூட்டுக்குப் பின்னாலேயே அப்பாவின் பட்டறை. ஃபியூஸ் கட்டை செய்வார். கரண்ட் போனால் மீட்டர் பலகையில் பிடுங்கிப் பார்ப்போமே, அந்த வெள்ளைக் கட்டை. சூளையிலிருந்து இறக்கியதும் ஒவ்வொன்றையும் நகத்தால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்பார். சத்தம் தெளிவாக வந்தால் நல்ல சரக்கு. மந்தமாக வந்தால் உள்ளே விரிசல். இந்தப் பழக்கம் முற்றிப்போய் கடையில் தேங்காய், தட்டு, தண்ணீர்த் தொட்டி எதைப் பார்த்தாலும் தட்டிக் கேட்பார். எனக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தட்டுவாரோ என்று பயமாக இருக்கும்.

விரிசல் விட்டதெல்லாம் தோட்டத்துக்குப் போகும். தோட்டம் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. ஒரு முருங்கை, ஒரு துணிக்கொடி, மீதியெல்லாம் உடைசல். மத்தியான வெயிலில் கண்ணைத் திறந்து பார்க்க முடியாத வெள்ளை. மழை பெய்து ஓய்ந்தால் மட்டும் கழுவி வைத்த பல்வரிசை மாதிரி ஈரமாக மின்னும்.

நான் எட்டாவது முடித்த கோடை லீவில்தான் மாமா துபாயிலிருந்து வந்தார். அம்மாவின் தம்பி. போனவர் வருசக்கணக்கில் வரவே இல்லை. அம்மா போனில் அழுது பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். கடைசியில் எப்போதும் ஒரே இடத்தில் வந்து நிற்பாள்: "நேர்ச்சை பாக்கி கெடக்குதுடா. உன் கையால வந்து மாதாவுக்குப் போட்டாத்தான் ஆச்சு. இல்லன்னா அவ சும்மா இருக்க மாட்டா."

அந்த நேர்ச்சை வேறொன்றுமில்லை. மாமா விமானம் ஏறுவதற்கு முந்தின நாள், அம்மா தன்னுடைய பழைய வெள்ளி ரூபாய் ஒன்றை, ராஜா தலை போட்டது, பழைய நீலச் சேலையில் கிழித்த துணியில் முடிந்து மாதா படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தாள். போன இடத்தில் நல்ல வேலை கிடைத்துத் திரும்பி வந்தால் மாதா கோயில் காணிக்கைப் பெட்டியில் அவரே போடவேண்டும். அதுவரை முடிச்சை அவிழ்க்கக் கூடாது. மாமாவுக்கு முதலாளியிடம்கூட அவ்வளவு பயமில்லை, இந்த முடிச்சிடம்தான் பயம்.

மாமா வந்து இறங்கினால் செண்ட் வாசனை வரும், போர்வை வரும், ஆரஞ்சுப் பொடி டப்பா வரும் என்று காத்திருந்தோம். போர்வை வந்தது. அதைப் பிரித்தால் உள்ளே கைப்பிடி வைத்த ஒரு நீளக் கம்பியும், அதன் நுனியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு வட்டமும் இருந்தன.

"என்னாடா இது, தரை தொடைக்கிறதா?" என்றார் அப்பா.

"ஏர்போர்ட்லயும் அதையேதான் கேட்டாங்க மச்சான். ஆமான்னுட்டேன். மெட்டல் டிடெக்டரு. எங்க கேம்ப்புல ஒரு இன்ஜினியரு ஊருக்குப் போறப்ப வித்துட்டுப் போனாரு. பூமிக்குள்ள எந்த உலோகம் இருந்தாலும் கத்தும்."

"உங்க அக்காவும்தான் கத்துவா. அவளுக்கு பேட்டரிகூட வேணாம்."

மாமா சிரிக்கவில்லை. அவரிடம் திட்டம் இருந்தது. "மச்சான், நம்முளுது வெள்ளைக்காரன் காலத்து ஜங்சன். எத்தினி பேரு ரயில்லேர்ந்து எறங்கியிருப்பான், ஏறியிருப்பான். எல்லார் பையும் ஓட்டையில்லாமயா இருந்திருக்கும்? பழைய வெள்ளிக்காசு சும்மா கெடக்குது, எடுக்க ஆளில்ல."

ஓட்டைப் பைகளை நம்பி ஒரு மனுசன் கடல் தாண்டி வந்திருக்கிறார் என்று அப்பா வாய்க்குள் முனகிக்கொண்டு பீடியைப் பற்றவைத்தார்.

கூடவே வந்த புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. மாமாவுக்கு அரபி பேசவரும், மலையாளம் வரும், இங்கிலீஷ் மட்டும் எழுத்துக்கூட்டினால்தான். ஆகவே நான் திடீரென்று பெரிய ஆள் ஆகிவிட்டேன். டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு படித்துச் சொன்னேன். மிஷினில் மூன்று குமிழ். முதலாவது மிஷினுக்கு எவ்வளவு காது கேட்கவேண்டும் என்பதற்கு. இரண்டாவது மண்ணுக்கு. அந்தந்த ஊர் மண்ணின் குணத்துக்கு மிஷினைப் பழக்காவிட்டால் அது மண்ணைப் பார்த்தே கத்தும். மூன்றாவதுதான் முக்கியம். அதற்கு நான் சல்லடைக் குமிழ் என்று பெயர் வைத்தேன். வலப்பக்கம் திருகத் திருக ஆணி கழியும், தகரம் கழியும், சாக்லேட் காகிதம் கழியும். நல்ல வெள்ளி கடைசி வரைக்கும் நிற்கும். ரொம்பத் திருகிவிட்டால் வெள்ளியும் போய்விடும். எங்கே நிறுத்துவது?

"அதுக்கு என்னா போட்டிருக்குது பாரு பாப்பா."

"நம்மகிட்ட இருக்கிற காசு ஒண்ண நம்ம தோட்டத்துலயே பொதைச்சு, அது கத்துற அளவுக்குக் குமிழை வெச்சுக்கணுமாம் மாமா."

வெள்ளிக்காசுக்கு எங்கே போவது? நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் மாதா படத்தைத் திரும்பிப் பார்த்தோம்.

"ஞாயித்துக்கெழம நேர்ச்சைக்கு வேன் சொல்லியாச்சு மாமா."

"அதுக்கு இன்னும் நாள் கெடக்குது. முடிச்ச அவுக்கப்போறமா? துணியோட பொதைக்கிறோம், மிஷினு ஒரு கத்து கத்துது, எடுத்துத் தொடைச்சு வைக்கிறோம். மாதாவுக்கே தெரியாது."

அம்மா மீன் வாங்க மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து, தோட்டத்தில் ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி முடிச்சை வைத்து மூடினோம். இடம் மறந்துவிடக்கூடாது இல்லையா? படித்த பிள்ளையல்லவா நான், அடையாளத்துக்கு மேலே ஒரு வெள்ளைப் பீங்கான் சில்லை வைத்தேன்.

சிரிக்காதீர்கள். அந்த நிமிசம் அது எனக்கு ரொம்பப் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. மிஷினை எடுத்துவர உள்ளே போனோம். பேட்டரி செத்திருந்தது. கடைத்தெருவுக்குப் போய்ச் சதுர பேட்டரி வாங்கிக்கொண்டு திரும்பினால், தோட்டம் முழுக்க என் அடையாளம். போதாததற்கு அப்பா புதுசாக ஒரு வண்டி உடைசலைக் கொட்டி, மண்வெட்டியால் நிரவிவிட்டு, டீ குடிக்கப் போயிருந்தார்.

மாமாவின் முகம் அப்போது போன போக்கை நான் யார் முகத்திலும் பார்த்ததில்லை. "பாப்பா, ஞாயித்துக்கெழமைக்குள்ள இது கெடைக்கல, எனக்கு வேலையும் போச்சு, உசுரும் போச்சு. மொதல்ல அக்கா கொன்னுடுவா. அவ வுட்டா மாதா."

"கெடைச்சுடும் மாமா. அதுக்குத்தான மிஷினே இருக்குது?"

தேடல் தொடங்கியது. காதுக் குமிழை முழுசாகத் திறந்தோம். மிஷின் அலறிய அலறலில் முருங்கையிலிருந்த காக்கா பறந்துபோனது. ஃபியூஸ் கட்டைக்கு வைக்கும் பித்தளைத் துண்டு, செம்புக் கம்பி, திருகாணி, பழைய டார்ச்சின் மூடி, நான் ஒண்ணாவது படிக்கும்போது தொலைத்து அடி வாங்கிய டிபன் பாக்ஸ் ஸ்பூன், எல்லாம் வந்தன. காதைக் குறைத்தோம். அப்போது சூளையின் பழைய செங்கல் துண்டுகளைப் பார்த்துக் கத்தியது. சுட்ட செங்கல் மிஷினை ஏமாற்றும் என்று புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. எங்கள் தோட்டத்தில் சுடாதது என்று எதுவுமே இல்லை. மண் குமிழைத் திருகித் திருகிச் செங்கல்லுக்கு அதைப் பழக்கினோம்.

இந்த நேரத்தில்தான் அம்மா தோட்டத்தில் அடிக்கடி தென்பட ஆரம்பித்தாள். ஒருநாள் தோண்டப் போனால் பாய் விரித்துக் கூழ் வத்தல் போட்டிருந்தாள். மொட்டை மாடி சும்மாக் கிடக்க, உடைசல் மேல் யாராவது வத்தல் போடுவார்களா? மறுநாள் முருங்கைக்குத் தண்ணீர் விட்டாள், மரமே மூழ்குகிற அளவுக்கு. "வெயில்ல மண்டை காஞ்சு போவும்டா, உள்ள வந்து மோர் குடி" என்று மணிக்கொரு தரம் கூப்பிட்டாள். முடிச்சு காணோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதோ என்று எங்களுக்குப் பதற்றம். ஆனால் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா இன்னும் மோசம். வண்டி வண்டியாக உடைசலைக் கொண்டுவந்து கொட்டினார். அதில் நல்ல கட்டைகளும் கிடந்தன என்பது இப்போது யோசிக்கும்போதுதான் உறைக்கிறது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மிஷின் முதல் தடவையாக வேறு குரலில் பாடியது. மணி மாதிரி உச்சத்தில், சுத்தமாக. "வெள்ளி!" என்றார் மாமா. தோண்டினால் ஒன்றுமில்லை. அடுத்த அடியில் மறுபடி மணி. தோண்டினோம். ஒன்றுமில்லை. மூன்றாவது குழியையும் தோண்டிவிட்டு நிமிர்ந்தபோதுதான், ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் அம்மா நின்றுகொண்டிருந்தது எனக்கு உறைத்தது.

"மாமா, அம்மாவோட மெட்டி."

மாமா மிஷினை மெல்ல அம்மாவின் கால்விரல் பக்கம் கொண்டுபோனார். மணி அடித்தது. விலக்கினார், நின்றது.

"அட பாவிங்களா. நம்பகமான வெள்ளி வூட்டுக்குள்ளயே நடமாடுது. அத வுட்டுட்டு..." என்று ஆரம்பித்த மாமா, அம்மா நிற்பது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டார். அப்புறம் குழைந்தார். "அக்கா, அந்த மெட்டிய ஒரு நிமிசம் கழட்டிக் குடேன்."

"புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கிறாரு, மெட்டியக் கழட்டணுமா? உன் மிஷினத் தூக்கி அடுப்புல வைப்பேன்."

"சரி, கழட்ட வேணாம். கால மட்டும் நீட்டு."

அம்மா முருங்கையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள். மாமா மெட்டிக்கு மேல் வட்டத்தைப் பிடித்துக்கொள்ள, நான் மண்டியிட்டு சல்லடைக் குமிழைத் திருகினேன். தகரம் கழிந்தது, பித்தளை கழிந்தது, மெட்டி மட்டும் பாடிக்கொண்டே நின்றது. அந்த இடத்தில் என் நகப்பாலீஷை எடுத்துவந்து குமிழில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். வெள்ளிக்கான இடம். இனிமேல் தப்பாது.

அம்மாவைக் கெஞ்சி உள்ளே அனுப்பிவிட்டு, பொட்டில் குமிழை வைத்து, தோட்டத்தை மூலை விடாமல் துழாவினோம். மிஷின் வாயே திறக்கவில்லை. அம்மாவின் பழைய மெட்டி ஒன்று மட்டும் கிடைத்தது, பாதி தேய்ந்தது. அதாவது மிஷின் சரி. குமிழ் சரி. பொட்டும் சரி. காசு மட்டும் இல்லை.

"மாதா எடுத்துக்கிட்டா பாப்பா," என்று மாமா உடைசல் மேல் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்ததும் எழுந்துவிட்டார், சில்லு குத்தியது.

சனிக்கிழமை காலையில் இருவரும் மிஷினைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வெள்ளிக்கடைக்குப் போனோம். வேறு வழியில்லை. கடைக்கார பாய் விசயத்தைக் கேட்டுவிட்டு, ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் கவிழ்த்தார். ராஜா தலை, ராணி தலை, குவியலாக.

"இவ்ளோ எங்கேர்ந்து பாய் வருது?"

"ஜனங்க கொண்டாந்து போட்டுட்டு கொலுசு வாங்கிக்கிட்டுப் போறாங்க. இதுக்கா தம்பி மண்ண நோண்டிக்கிட்டு இருந்தீங்க? வெள்ளிய யாரு மண்ணுல வுட்டுட்டுப் போவாங்க?"

மாமாவுக்கு வேகம் வந்துவிட்டது. ஒரு காசைத் தேர்ந்தெடுத்து, சுத்த வெள்ளிதானா என்று பார்க்க மிஷினைப் போர்வையிலிருந்து உருவினார். பொட்டில் குமிழை வைத்ததுதான் தாமதம், மேசைக்கு மேலே, கீழே, பக்கத்து அலமாரி, சுவர், எங்கே காட்டினாலும் மணி. தெருவில் போன ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி எட்டிப்பார்த்தார்.

"அந்தக் கொம்ப உள்ள வைங்க தம்பி," என்றார் பாய். "என் கடையில இருக்கிறது வெள்ளின்னு அது வந்து ஊருக்குச் சொல்ல வேணாம்."

பழைய வெள்ளிக்காசுகளை அந்த மிஷின் கண்டுபிடித்தது வாழ்நாளில் அந்த ஒரு இடத்தில்தான்.

அம்மாவின் அதே நீலச் சேலை வூட்டில் தலையணை உறையாக வாழ்ந்துகொண்டிருந்தது. அதில் ஓரமாக ஒரு துண்டு கிழித்து, காசை முடிந்து, மண்ணில் ஒரு புரட்டுப் புரட்டித் தட்டி, படத்துக்குப் பின்னால் வைத்தேன். அன்று மத்தியானம் அம்மா படத்தைத் துடைக்கும்போது முடிச்சைப் பார்த்தாள். தொடவில்லை. ஆனால் எங்கள் இருவர் தட்டிலும் ஆளுக்கு ஒரு மீன் துண்டு கூடுதலாக விழுந்தது. தப்பித்தோம் என்று மாமா மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வேனில் போகும்போது அம்மா சொன்னாள்: "முடிச்சோட அப்படியே பெட்டியில போட்டுடுடா. அவுக்காத."

"நீதான அக்கா கோயில்ல வந்து அவுத்துப் போடணும்னு சொன்ன?"

"அது அப்போ. இப்போ அப்படியே போடலாம்."

"ஆமாமா, அப்படியே போடலாம்," என்றார் அப்பா. கோயிலுக்குக் கிறிஸ்மஸுக்கு மட்டும் வருகிற அப்பாவுக்கு இதெல்லாம் எப்போது தெரிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் மாமா தேடித் தேர்ந்தெடுத்த காசு அல்லவா? பளபளவென்று வேறு இருந்தது. நாலு பேர் பார்க்காமல் போட அவருக்கு மனசு வரவில்லை. மாதா முன்னால் நின்று, பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்து, ராஜா தலையை உள்ளங்கையில் ஏந்திக் காட்டினார்.

அம்மாவின் கையிலிருந்த மெழுகுவத்தி சாய்ந்து மெழுகு சேலையில் சொட்டியது. அவள் கவனிக்கவில்லை. அப்படியே முழங்காலில் விழுந்தாள், தரையே அதிர்ந்தது. அப்பா மாமாவின் கையிலிருந்து காசை எடுத்தார். நகத்தால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். மறுபடி தட்டிக் கேட்டார். காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்த பீடிக் கட்டை எடுத்து மாதாவின் காலடியில் வைத்துவிட்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். கோயில் ஆள் வந்து, "ஐயா, இதையெல்லாம் இங்க வைக்கக் கூடாது" என்று பீடியை எடுத்துப் போகும்வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"என்னா பாப்பா, உங்கப்பா இவ்ளோ பக்தியா?" என்று மாமா என் காதில் கேட்டார். எனக்கும் புரியவில்லை.

அப்பா அன்றோடு பீடியை விட்டார். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர் ஆனார். மாமா துபாய்க்குத் திரும்பிப் போனார். மிஷின் பரணுக்குப் போனது.

எனக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகு ஒருநாள், மல்லிகைப்பூ கட்டிக்கொண்டிருக்கும்போது அம்மா குரலைத் தாழ்த்தினாள். "உனக்கு மட்டும் சொல்றன். வெளிய சொல்லிடாத. மாமனுக்கு வேலை கெடைச்ச மாசமே அந்த வெள்ளிக்காச நானே கொண்டுபோய்ப் போட்டுட்டேன். மாதாகிட்டப் போயி பாக்கி வைக்க முடியுமா? அவன் என்னடான்னா வூடு திரும்புற வழியக் காணோம். அதுக்குத்தான் உங்கப்பாகிட்டச் சொல்லி, காசு மாதிரியே வட்டமா ஒரு பீங்கான் பில்லை சுட்டு வாங்கி, நீலத்துணியில முடிஞ்சு வச்சேன். நேர்ச்சைன்னாத்தான் அவன் வருவான்."

பூ என் கையிலிருந்து நழுவியது.

"நீங்க ரெண்டு பேரும் மண்ண நோண்டுனப்ப எனக்கு உசுரே இல்ல. எங்க அவுத்துப் பாத்துடுவானோன்னு. ஆனா மாதா இருக்கிறா பாரு." அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. "நான் வச்ச பீங்கான அவ வெள்ளியா மாத்திட்டா. உங்கப்பா தட்டியே பாத்துட்டாரு."

அன்றைக்கே மாமாவுக்கு போன் போட்டேன். முழுசாகச் சொன்னேன்.

"பாப்பா, அப்போ நாம அத்தன நாளும் மெட்டல் டிடெக்டர வச்சுக்கிட்டு..."

"பீங்கானத் தேடியிருக்கிறோம் மாமா. பீங்கான் தோட்டத்துல."

அவர் சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. சிரித்து முடித்துவிட்டு, "சொல்லிடாத பாப்பா. மச்சான் திரும்பவும் பீடி குடிக்க ஆரம்பிச்சுடுவாரு" என்றார். அப்புறம் வேறு குரலில், "அக்கா அப்படி ஒண்ணு சொல்லி இழுக்கலன்னா, அன்னிக்கு நான் வந்திருக்க மாட்டேன்" என்றார்.

என் கல்யாணத்துக்கு வந்தார். அதற்குப் பிறகு வழக்கம்போல இந்த வருசம் லீவு இல்லை, அடுத்த கிறிஸ்மஸுக்கு வரேன் என்கிற பாட்டு. போன மாசம் ஊருக்குப் போயிருந்தபோது, மாதா படத்துக்குப் பின்னால் நீலமாக எதுவோ தெரிந்தது. அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். பரணிலிருந்து மிஷினை இறக்கித் தூசி தட்டினேன். புது பேட்டரி போட்டேன். நகப்பாலீஷ் பொட்டு அப்படியே இருந்தது. பொட்டில் குமிழை வைத்து, தூங்குகிற அம்மாவின் கால்விரலில் ஒரு தடவை காட்டினேன். மெல்லிசாக மணி அடித்தது. முடிச்சிடம் கொண்டுபோனேன். மிஷின் மூச்சே விடவில்லை. சல்லடைக் குமிழை முழுக்கத் திறந்து காட்டினேன். அப்போதும் இல்லை.

ஏன் நல்ல காசாக வைக்கவில்லை என்று கேட்டால் அம்மா என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். மாதா மாற்றிக்கொள்வாள்.

மிஷினைப் போர்வையில் சுற்றி வைத்துவிட்டு மாமாவுக்கு போன் போட்டேன்.

"என்னா பாப்பா, ஊர்ல என்னா விசேசம்?"

"ஒண்ணுமில்ல மாமா. நேர்ச்சை பாக்கி கெடக்குது. வந்து உங்க கையால போட்டுட்டுப் போங்க."



"மிஷின வச்சுப் பாத்துட்டியா?"

"பாத்துட்டேன் மாமா."

"கத்துச்சா?"

"கத்துச்சு மாமா," என்றேன். "நல்ல வெள்ளி."

"சரி," என்றார். "டிக்கெட் போடறேன். வரும்போது பாய் கடைக்கு ஒருவாட்டி போயிட்டு வந்துடலாம்."